ஆளுக்கு ஆள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 1957 நவம்பரில் ஒரு தாளில் ஒரு பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்துதான் வந்தது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியன். கொழும்பில் இருந்த ஒரு வணிகக் கல்லூரியோடு எங்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. எங்கள் மாணவன் ஒருவன் அரையாண்டு அங்கே போய்ப் படிப்பான். அவர்கள் மாணவன் ஒருவன் அரையாண்டு இங்கே படிப்பான். மே மாத விடுமுறையில் விடுதிகளை மூடிவிடுவார்கள். அப்போது அவன் இவன் வீட்டிலும், இவன் அவன் வீட்டிலும் தங்கி, அந்தந்த ஊர் வியாபாரத்தைப் பற்றி ஓர் அறிக்கை எழுதிவர வேண்டும். இந்தக் கடைசி யோசனை என்னுடையது. அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

தாளில் நான் எழுதிய பெயர் ராக்கப்பன்.

எட்டு வருடமாக இந்தக் கதையை ஆரம்பித்து ஆரம்பித்து விட்டுவிடுகிறேன். சில ஆரம்பங்கள்:

‘1958-ஆம் வருடம் மே மாதம் இலங்கையில் கலவரம் மூண்டபோது’ (பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

‘தனுஷ்கோடிக் கடல் அன்று’ (அன்று என்ன செய்தது? நான் அங்கே இல்லை. இதையும் அடித்தேன்.)

‘முருகேஸ்வரிக்கு அப்போது இருபத்துநான்கு வயது.’ இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

முருகேஸ்வரிக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ராக்கப்பனின் அக்கா. முதுகுளத்தூருக்குத் தெற்கே நாலு மைலில் இருக்கும் ஊரில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. அப்பா மூக்கையாவுக்குப் பரம்பரை நிலம், மழையை நம்பின மிளகாய் வெள்ளாமை. அம்மா சோலையம்மாள். அப்பாவின் தம்பி கூத்தையா பக்கத்து வீட்டில். பிள்ளையில்லாதவர். ராக்கப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டே வளர்த்தவர்.

அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவன் ஜனவரியில் கப்பலேறிவிட்டான். ஆகவே மே முதல் வாரத்தில் மாத்தறையைச் சேர்ந்த சோமசிறி என்ற சிங்களப் பையன் ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, அவனுக்கும் அந்த ஊருக்கும் நடுவில் முருகேஸ்வரி ஒருத்திதான் இருந்தாள். அவன் சொல்வதை இவர்களுக்குச் சொல்ல வேண்டும்; இவர்கள் சொல்வதை அவனுக்குச் சொல்ல வேண்டும்.

சோமசிறிக்கு இருபத்தொரு வயது. மாத்தறையில் அவன் அப்பா வைத்திருந்த பலசரக்குக் கடையில் விற்றது ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்தான். அது எந்தச் செடியிலிருந்து, எத்தனை கை மாறி, எந்தப் படகேறித் தன் வீட்டுக் கடைக்கு வருகிறது என்று எழுதுவதுதான் அவன் அறிக்கை. நல்ல விஷயம்தான். நான்தான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். காய்கிற மிளகாய்க்கு நடுவில் நின்று தும்மித் தும்மிக் குறிப்பெடுத்தான். மிளகாய் கிளறுகிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முருகேஸ்வரியை ‘அக்கா’ என்றான். பத்து நாளில் ‘போதும்’, ‘இன்னுங் கொஞ்சம்’, ‘காரம்’ எல்லாம் வந்துவிட்டன.

சோலையம்மாள் அவன் இலையில் தயிரைத் தாராளமாக ஊற்றுவாள். “எம்புள்ளைக்கு அங்கன சோறு போடுறவ பெத்த புள்ள. இங்கன நான் கொறை வைக்கலாமா?” என்பாள். இந்தக் கணக்கில் அப்போது யாரும் எந்தத் தப்பையும் பார்க்கவில்லை.

ராக்கப்பன் மாத்தறையிலிருந்து எழுதிய கடிதம் மே இருபத்தொன்றாம் தேதி வந்தது. தேங்காய்ப் பாலில் எல்லாவற்றையும் வேகவைக்கிறார்கள், சோமசிறியின் தங்கைகள் என்னைத் தமிழ்ப் பாட்டுப் பாடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

3

மே இருபத்தெட்டு சாயங்காலம், பஸ்ஸில் வந்த பத்திரிகையைக் கூத்தையா கையில் கசக்கிப் பிடித்தபடி கொண்டுவந்தார். ‘வாசி’ என்று முருகேஸ்வரியிடம் நீட்டினார். இலங்கையில் தமிழர்களைத் தாக்குகிறார்கள், கடைகள் எரிகின்றன, அவசரநிலை போட்டிருக்கிறார்கள், தந்திகள் தாமதமாகின்றன. அவள் உரக்க வாசித்தாள். ‘தமிழர்கள்’ என்ற இடம் வந்தபோது குரல் தானாக இறங்கியது. சோலையம்மாள் அப்போது முறத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. நிறுத்தாமலே, “மாத்தறைன்னு போட்ருக்கா?” என்று கேட்டாள்.

“இல்லத்தா.”

“நல்லாப் பாரு.”

சோமசிறி வாசலில் நின்றிருந்தான். பத்திரிகை தமிழில் இருந்தது. முகங்களைத்தான் அவனால் வாசிக்க முடிந்தது.

மறுநாள் காலை மூக்கையா மதுரைக்குப் புறப்பட்டுப் போனார், என்னைத் தேடி. வீடு கூத்தையாவின் பொறுப்பில் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் ஊரில் பாதிப் பேர் வீட்டு முன்னால் கூடிவிட்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எவன் அந்தப் பையன் என்று எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள். அந்த அமைதிதான் தன்னைப் பயமுறுத்தியது என்று முருகேஸ்வரி பின்னால் என்னிடம் சொன்னாள்.

கூத்தையா சோமசிறியின் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். சோலையம்மாளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சேலையில் முடிந்துகொண்டாள்.

“தாயி, சொல்லு அவன்கிட்ட. எங்க பய முழுசா வந்து இந்த வாசல்ல நிக்கிற வரைக்கும் இவன் இங்கனயிருந்து ஒரு அடி நகரக்கூடாது. எங்க பயலுக்கு என்ன ஆச்சோ அதுதான் இவனுக்கும். ஆளுக்கு ஆள். அப்படியே சொல்லு.”

முருகேஸ்வரி இங்கிலீஷில் சொன்னாள்: “இப்போது பயணம் செய்வது ஆபத்து. நீங்கள் எங்களோடு பத்திரமாக இருக்க வேண்டும் என்கிறார் சின்னய்யா.”

சோமசிறி கூத்தையாவைப் பார்த்தான். “அவர் முகம் அப்படிச் சொல்லவில்லையே, அக்கா.”

“என்ன சொல்றான்?” என்றார் கூத்தையா.

“சரிங்கிறான்.”

(வாசகரே, இங்கே ஒரு குறிப்பு. ஒரு வாக்கியத்தை இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லி ஒரு பெண் ஒரு மத்தியானத்தைக் கடத்திவிட்டாள். எழுதுகிறவன் நான் இத்தனை தாளை வீணாக்கியும் அவ்வளவு செய்ததில்லை.)

4

நான் இந்தக் கதைக்குள் வரலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். வராமல் இருந்தால் கதை சுத்தமாக இருக்கும். ஆனால் அது பொய்ச் சுத்தம்.

மூக்கையா என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிட்டும் வராமல் நின்றார். “வாத்தியாரய்யா, நீங்கதான அனுப்புனீக” என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார். நான் கொழும்புக்கு மூன்று தந்தி கொடுத்திருந்தேன். சென்னைக்கு இரண்டு. எதற்கும் பதில் வரவில்லை என்றேன். “சரி, நாலாவது குடுங்க” என்றார். ஒரு வாரம் எங்கள் வீட்டு முன்னறையிலேயே இருந்தார். தபால்காரன் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பார். போனதும் உட்காருவார்.

அந்த நாட்களில் சோமசிறியைப் பற்றி நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை. அவன் பெயரையும் ஏற்றுக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இதை எழுதும்போதுதான் தெரிகிறது. இதற்குமேல் இந்தப் பகுதியில் என்னால்

5

கூத்தையாவுக்கு அடுத்த யோசனை வந்தது. சோமசிறி தன் அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். ராக்கப்பனை ஜாக்கிரதையாக அனுப்பிவைத்தால்தான் நான் திரும்புவேன் என்று எழுத வேண்டும்.

இதையும் முருகேஸ்வரிதான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை அவள் மாற்றவில்லை. மாற்றினால் கடிதமே வேறாகிவிடும். கண்ணைப் பார்க்காமல், பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். சோமசிறி தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டான். எழுதினான். இரண்டு பக்கம். நிறுத்தி நிறுத்தி, நடுவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினான்.

எழுதி முடித்து நீட்டியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எழுத்து முழுவதும் சிங்களம். சுற்றி நின்ற பத்துப் பேரில் ஒருவருக்கும் ஒரு எழுத்துத் தெரியாது. கூத்தையா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னத்த எழுதியிருக்கான்னு எவனுக்குத் தெரியும்? ‘இவனுகள நம்பாதீங்க, அவன அடிங்க’ன்னுகூட எழுதியிருப்பான்.”

“அவுக அய்யாவுக்கு வேற பாசை தெரியாதாம், சின்னய்யா.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

கேட்கவில்லை. கடிதம் தபாலில் போனது. போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

(கடிதத்தில் என்ன இருந்தது என்று நான் ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சினான். இன்னொன்றில் கூத்தையா சொன்ன மாதிரியே பழி தீர்க்கச் சொன்னான். பின்னால் ரயிலில் அவனே முருகேஸ்வரியிடம் சொன்னது இது: “அப்பாவுக்கு எழுதவில்லை அக்கா. அம்மாவுக்கு எழுதினேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ராக்கப்பனை வெளியே விடாதே, நம் ஊர் ஆள் மாதிரி என் சாரத்தைக் கட்டிக்கொள்ளச் சொல், யார் கேட்டாலும் வாய் பேசாத பையன் என்று சொல். அதுதான் எழுதினேன்.” நீங்கள் நம்புகிறீர்களா? நான் சில நாள் நம்புகிறேன். முருகேஸ்வரி நம்பினாள்.)

6

ஜூன் மூன்றாம் தேதி பாம்பனிலிருந்து அப்துல் அஜீஸ் வந்தார். மூக்கையாவின் மிளகாய் மூட்டைகளைக் கப்பலில் ஏற்றிவிடுகிறவர். வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

“தனுஷ்கோடில ஆளுக வந்து எறங்குறாக. கட்டுன துணியோட வாராக. நாளைக்கும் கப்பல் உண்டுங்கிறாக, அதுக்கப்புறம் உண்டா இல்லையான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம். ஒங்க புள்ளையும் வரலாம். இன்ஷா அல்லா.”

என் முதல் பிரதியில் இந்த இடத்தில் முருகேஸ்வரி இரவில் எழுந்து, உறங்கும் தாயின் சேலை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, பாஸ்போர்ட்டைத் திருடிக்கொண்டு சோமசிறியோடு ஓடுகிறாள். கதையென்றால் இப்படித்தான் என்று கை தானாக எழுதிவிட்டது. அந்தப் பிரதியை அவளிடமே கொடுத்தேன். ராமநாதபுரத்தில் இப்போது அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வராந்தாவில் வைத்துப் படித்தாள். சிவப்புப் பென்சிலால் அந்தப் பக்கம் முழுவதற்கும் குறுக்கே கோடு போட்டாள்.

“நான் திருடல சார். ஆத்தாவே குடுத்தா.”

நடந்தது இதுதான். தனுஷ்கோடிக்குப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னதே முருகேஸ்வரிதான். கூத்தையா உடனே ஒத்துக்கொண்டார். சோமசிறியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவானது. வீட்டில் விட்டுப்போக அவருக்கு மனமில்லை. தவிர, ராக்கப்பன் வந்து இறங்கினால் அங்கேயே இவனைக் கப்பலேற்றிவிடலாம்.

சோலையம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். கூத்தையாவிடம் கொடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

“ஒஞ் சின்னய்யன் கோவக்காரன், கிழிச்சாலும் கிழிச்சுப்புடுவான். நீ வச்சுக்க. எம்புள்ள எறங்கி வரட்டும், அப்பறம் அவ புள்ளைய அவகிட்ட அனுப்பு. அதுக்கு முந்தி குடுத்திராத. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்.”

(இந்தச் சத்தியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். “எதுக்கு? நான் பண்ணுனேன்ல?” என்றாள்.)

7

மறுநாள் பஸ்ஸில் ராமநாதபுரம். அங்கிருந்து ரயில். கூத்தையாவுக்கும் முருகேஸ்வரிக்கும் நடுவில் சோமசிறி. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது அவனுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தனுஷ்கோடி போய்ச் சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. கூத்தையா ஒரு கட்டத்தில் பொறுக்க முடியாமல் தன் சொம்புத் தண்ணீரை நீட்டினார். நீட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துறையில் கூட்டம். முந்தின நாள் இறங்கியவர்கள் இன்னும் மணலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். கூத்தையா ஒவ்வொருவரிடமும் போய், “மாத்தறைப் பக்கம் ஏதும் தெரியுமா?” என்று கேட்டார். ஒரு கிழவர், “மாத்தறைக்குக் கிட்டக்க இருக்கிற காலிப் பக்கம் மோசம்னாங்க” என்றார். ஒரு பெண் அந்தப் பெயரைக் கேட்டதும் அழுதாள்.

கப்பல் தூரத்தில் புகையாகத் தெரிந்தபோது கம்பிவேலிக்கு அந்தப் பக்கமிருந்து அதிகாரி குரல் கொடுத்தார். அன்று அவர் ஒருவர்தான். போகிறவர்களின் தாள்களை இப்போதே பார்த்து முத்திரை குத்திவிடுவார். கப்பல் அணைந்துவிட்டால் வருகிறவர்களைப் பார்க்க வேண்டும், போகிறவர்களுக்கு அப்புறம் நேரமில்லை. இப்போது உள்ளே வராதவர்கள் அடுத்த கப்பலுக்குத்தான்.

“அடுத்த கப்பல் எப்ப சார்?” என்று யாரோ கேட்டார்கள்.

“அதை என்கிட்ட கேக்காதீங்க.”

போகிற வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். அந்தத் திசைக்குப் போக அன்று யாருக்கு மனம் வரும்?

முருகேஸ்வரி பையைத் திறந்தாள். கூத்தையா பார்த்துவிட்டார்.

“ஏத்தா.”

“இப்ப விட்டா இவனால போக முடியாது சின்னய்யா.”

“நான் போக வேணாம்னா சொல்றேன்?” அவர் குரல் கெஞ்சியது. அதட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றாள் அவள். “அந்தா, கப்பல் கண்ணுல தெரியுது. அரை மணி நேரம். அரை மணி நேரந்தான் ஒங்கிட்ட கேக்குறேன். ஆளுக எறங்கட்டும். நம்ம பய எறங்குனா நானே இவனத் தோள்ல தூக்கிட்டுப் போயி அந்த ஆபீசர் கால்ல விழுந்து ஏத்திவிடுறேன்.”

“எறங்கலைன்னா?”

அவர் கப்பலைப் பார்த்தார்.

(இங்கே என் பிரதியில் சோமசிறி, “அக்கா, நான் காத்திருக்கிறேன். ராக்கப்பன் வரட்டும்” என்று பெருந்தன்மையாக ஒரு வசனம் பேசினான். அதன்மேலும் சிவப்புக் கோடு. “அவன் ஒண்ணும் பேசல சார். விக்கிக்கிட்டே நின்னான். போகணும்னு அவன் கண்ணு சொல்லுச்சு. அதுல தப்பென்ன? அவனுக்கும் இருவத்தோரு வயசுதான?”)

கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேல்தட்டில் ஆட்கள் நிற்பது தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் முகம் தெரிந்துவிடும். முருகேஸ்வரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முதுகைக் காட்டி நின்றாள். பாஸ்போர்ட்டை எடுத்துச் சோமசிறியின் சட்டைப்பையில் வைத்து, அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

“போ.” தமிழில்தான் சொன்னாள்.

அவன் போனான். திரும்பிப் பார்த்தானா என்று கேட்டேன். “பாக்கல. ஓடுனான். நல்லதாப் போச்சு” என்றாள். முத்திரை விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது.

கூத்தையா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

8

ஏன் அந்த அரை மணி நேரம் பொறுக்கவில்லை என்று நான் அவளைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கதையில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

“தம்பி எறங்கலைன்னு கண்ணால பாத்துட்டா அப்பறம் என் கை அதக் குடுக்காது சார். எனக்கு என்னையத் தெரியும். ஆத்தாவுக்கு மேல நான் கெட்டியாப் பிடிச்சிருப்பேன். அதனால பாக்குறதுக்கு முந்தியே குடுத்துட்டேன்.”

இனி முடிவு.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் ராக்கப்பன் இறங்குகிறான். சாரம் கட்டியிருக்கிறான், ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருக்கிறது, கூத்தையா எழுந்து ஓடுகிறார். இன்னொன்றில் கடைசி ஆள் இறங்கிப் பலகையை எடுத்த பிறகும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். பின்பு பாஸ்போர்ட் இல்லாத வெறும் பையோடு ஊருக்குத் திரும்பிச் சோலையம்மாளின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். மூக்கையா குடும்பத்தை அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் எழுதப் போவதில்லை. அவன் வந்தான் என்று எழுதினால் அவள் செய்தது சரி என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிடுவீர்கள். வரவில்லை என்று எழுதினால் தப்பு என்பீர்கள். அவள் செய்தபோது அவளுக்கு இரண்டும் தெரியாது. தெரியாமல் செய்ததை, தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல உங்களை நான் விடமாட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. அவன் வந்தான் என்று எழுதும்போதெல்லாம் என் கை லேசாகிவிடுகிறது. தாளில் பெயர் எழுதின கை. எனக்கு நானே விடுதலை எழுதிக்கொள்கிறேனோ என்று சந்தேகம் வருகிறது. வரவில்லை என்று எழுதும்போதோ, தண்டனை வாங்கிக்கொண்ட நிம்மதி ஒன்று வருகிறது. அதுவும் யோக்கியமானதாகத் தெரியவில்லை.

வேறு சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தியத்தை மீறியதற்காகச் சோலையம்மாள் மகளோடு பதினான்கு மாதம் பேசவில்லை. கூத்தையா, பாஸ்போர்ட்டைக் கொடுத்தது தான்தான் என்று ஊரில் சொன்னார். சாகும்வரை அதை மாற்றிச் சொல்லவில்லை. அந்தப் பரிமாற்ற ஏற்பாட்டைக் கல்லூரி நிறுத்திவிட்டது. சோமசிறியின் மிளகாய் அறிக்கை பாதியோடு என் மேஜையில் இருக்கிறது, நன்றாகவே எழுதியிருக்கிறான்.

நீங்கள் இப்போது தனுஷ்கோடித் துறையில் முருகேஸ்வரிக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கப்பல் அணைந்துவிட்டது. பலகை போடுகிறார்கள். அவள் இதுவரை காட்டிக்கொண்டிருந்த முதுகை மெல்லத் திருப்புகிறாள். கூட்டம் முன்னால் நெருக்குகிறது, கூத்தையா மணலிலிருந்து, “யாரு தாயி, யாரு வாரா, சொல்லு” என்கிறார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பிக்கிறாள். முதலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. அப்புறம் கண்ணாடி போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால்